ஒருமுறை அழுத்திவிட்டு

அழுத்தியாகிவிட்டது. இடது கையின் சுண்டுவிரலும் ஆள்காட்டிவிரலும் இன்னும் அந்த இரண்டு விசைகளின் மேலேயே இருந்தன. கன்ட்ரோல் ஒன்று, சி ஒன்று; இந்தத் திரையில் அது நகலெடுக்க இல்லை, நிறுத்தச் சொல்ல. எப்சிபா விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். தூங்கிவிட்ட குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுகிற மாதிரி உருவி மடியில் வைத்துக்கொண்டாள். ஒருமுறைதான். இன்னொரு முறை அழுத்தக் கூடாது. திரையில் ஒன்றும் ஆகவில்லை. கறுப்பில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்த வரிகள் எங்கே நின்றனவோ அங்கேயே நின்றன. அவற்றுக்குக் கீழே, அவள் அழுத்தியதற்கு அடையாளமாக ஒரு தொப்பிக்குறியும் ஒரு சி எழுத்தும். கேட்டுவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி என்று முதலில் தோன்றியது. பிறகு, அது சாட்சியே இல்லை என்று தோன்றியது. அந்த எழுத்தைப் போடுவது திரை. உள்ளே ஓடுகிற ஓட்டத்துக்குச் சேதி போய்ச் சேர்ந்ததா என்பது திரைக்கே தெரியாது. ஒருமுறை அழுத்தினால், ‘கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு, பத்திரமான ஓர் இடத்தில் நின்று, என்னைக் கூப்பிடு’ என்று அர்த்தம். அது கூப்பிடுவதற்குள் இரண்டாவது முறை அழுத்தினால், ‘எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடு’ என்று அர்த்தம். அது ஓடிவிடும். சொன்னதைச் செய்கிற சாதி அது. போட்டுவிட்டு ஓடியதை அப்புறம் யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. இதைப் புதிதாகச் சேர்கிற எல்லாருக்கும் எப்சிபாதான் சொல்லிக்கொடுப்பாள். எல்லாரும் தலையாட்டுவார்கள். எல்லாரும் ஒருநாள் இரண்டாவது முறை அழுத்திவிட்டு வந்து அவள் மேசைக்கு முன்னால் நிற்பார்கள்.

இன்றைக்கு வந்து நிற்க யாரும் இல்லை. காணும் பொங்கல். ஐந்தாவது மாடி முழுக்க நாற்காலிகள் எந்தத் திசையில் விடப்பட்டனவோ அந்தத் திசையில் திரும்பி இருந்தன. காபி இயந்திரத்தை அணைத்து அதன்மேல் ஒரு துணியைப் போட்டிருந்தார்கள். லீவு நாளில் ஏசி கிடையாது. திறக்க முடியாத கண்ணாடி வழியாக வெயில் மட்டும் வந்தது, காற்று வரவில்லை. கீழே சாலையில் பஸ் பஸ்ஸாக ஜனங்கள் கடற்கரைப் பக்கம் போனார்கள். ஒரு வேனின் கூரையில் நீட்டிப் படுத்திருந்த கரும்புக் கட்டு, அதைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு கை, கை நிறைய புது வளையல். காலையில் அவள் வந்த ஷேர் ஆட்டோவில்கூட அப்படித்தான், மடியில் தூக்குவாளி வைத்திருந்த அம்மாள், “நீங்க எங்க போறீங்க?” என்று கேட்டாள். ஆபீஸ் என்று சொல்ல ஏனோ வாய் வராமல், “பார்க்கத்தான்,” என்று சொல்லி வைத்தாள் எப்சிபா. பொய் இல்லை. பார்க்கத்தானே வந்திருக்கிறாள். இன்னும் ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். பார்த்தால் நிமிஷம் கூடிவிடும். நாலு மணிக்கு மின்சாரத்தை எடுத்துவிடுவார்கள், அது ஒன்று தெரிந்தால் போதும். லீவு நாளாகப் பார்த்துக் கட்டடத்தின் பாட்டரிகளையெல்லாம் மாற்றுகிறார்கள். வீட்டிலிருந்தே செய்திருக்கலாம், ஆனால் வெளியிலிருந்து உள்ளே வருகிற இணைப்பை அவர்கள் காலையிலேயே துண்டித்துவிட்டார்கள். அதனால்தான் இந்த நாற்காலி, இந்தத் திரை, இந்த வெயில். இல்லாவிட்டால் மேடவாக்கத்து வீட்டின் நாற்காலியும் அந்தத் திரையும் அந்த வெயிலும். பெரிய வித்தியாசம் இல்லை.

திரைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரு சிப். அது இன்னும் பிறக்கவில்லை. அது வெறும் எழுத்து. கடல்கடந்து ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினால் அவர்கள் அதைச் சில்லாக வார்த்துத் தருவார்கள். தப்போடு அனுப்பினால் தப்போடு வார்த்துத் தருவார்கள், காசை அப்போதும் வாங்கிக்கொள்வார்கள். அதனால் அனுப்புவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள்ளேயே அதை ஒரு பொய்யான உலகத்தில் வாழவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் சிமுலேஷன். மாசிலாமணி சிப்பை எழுதுகிறவன். எப்சிபா சிப்புக்கு வெளியே இருக்கிற உலகத்தை எழுதுகிறவள். சிப் பேசினால் பதில் பேச யாராவது வேண்டாமா? அந்த யாராவதுகளையெல்லாம் எழுதுவது அவள் வேலை. நிஜச் சிப் கண் சிமிட்டுகிற நேரத்தில் செய்வதை எழுத்துச் சிப் மெல்ல மெல்லத்தான் செய்யும். பொங்கலுக்கு முந்தின வாரம் தொடங்கிய இந்த ஓட்டத்தில், பத்து நாளாக இரவும் பகலும் ஓடி, அது வாழ்ந்து முடித்தது அரை நொடிகூட இல்லை. அந்த அரை நொடிக்கும் அவள் கூட இருந்தாள். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் எண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பாள். தூங்கப் போகும்போது பார்ப்பாள். போகியன்று காலையில் பார்த்தபோது எண் ஏறிக்கொண்டுதான் இருந்தது, கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் உள்ளேயும் வெளியேயும் ஒரு தகவல் பொட்டலம்கூடக் கைமாறவில்லை. தானாக நகருமோ என்று விட்டுப் பார்த்தாள், அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. இதயம் துடிக்கிறது, ஆள் அசையவில்லை. இதற்கு முன் எந்த ஓட்டத்திலும் இப்படி ஆனதில்லை. இத்தனை நாள் ஓடவிட்டால்தான் இது வருகிறது. ஏன் வந்தது என்பதற்கான பதிவு முழுவதும் இப்போது இயந்திரத்தின் நினைவில் இருக்கிறது. டிஸ்க்கில் இல்லை. அவ்வப்போது எழுதினால் ஓட்டம் மந்தமாகிவிடும் என்று, நிறுத்தும்போது மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று, அப்படி வைத்தவள் அவள்தான். ஒழுங்காக நின்றால் எழுதிக்கொள்ளலாம். செத்தால் போயிற்று. மின்சாரம் போனாலும் போயிற்று.

செவ்வாய்க்கிழமை சிப் கிளம்புகிறது. அதற்குள் தெரிய வேண்டும், தப்பு சிப்பிலா, சிப்பைச் சுற்றி அவள் எழுதிய உலகத்திலா, அவர்கள் பாஷையில் டெஸ்ட்பெஞ்சிலா. மாசிலாமணிக்குச் சந்தேகமே இல்லை. “மேடம், சிப் சுத்தம். உங்க டெஸ்ட்பெஞ்சுலதான் எங்கயோ ஓட்டை,” என்பான். அவளும் விடமாட்டாள். “உங்க சிப் சுத்தம்னு உங்களைத் தவிர யார் சொன்னா?” என்பாள். “எங்க அம்மா சொன்னாங்க.” “அவங்களையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க.” மூன்று வாரமாக இதே கச்சேரி, பெங்களூரிலிருந்து சாயங்காலம் ஆனால் போன். வேறொரு சின்னத் தப்பில் தொடங்கியது, அது தீர்ந்து அடுத்தது, அது தீர்ந்து இது. காலையில் கூப்பிட்டபோது அவன் ஆத்தூரில் மாமனார் வீட்டில் இருந்தான். பின்னால் மைக்செட் அலறியது, பிள்ளைகள் கத்தினார்கள். நாலு மணிக்கு மின்சாரம் போகிறது என்று சொன்னாள். “அட, கில் நைன் போட்டு ஒரேயடியாக் கொன்னுட்டு வீட்டுக்குப் போங்க மேடம். நாளைக்குப் புதுசா ஓட்டிக்கலாம்,” என்றான். “போட்டா பதிவு போயிடும்.” “போனா போகட்டும். அதுல என்ன வரும்னு எனக்கு இப்பவே தெரியும்.” “தெரியும்னா நான் பார்க்கறதுல உங்களுக்கு என்ன பயம்?” என்றாள். அவன் சிரித்துவிட்டு, “நல்ல நாளும் அதுவுமா சண்டைக்கு வராதீங்க. பொங்கல் சாப்ட்டீங்களா இல்லையா?” என்றான். சாப்பிட்டேன் என்றாள். அது பொய். எதிர்வீட்டில் கொடுத்தது இன்னும் பிரிக்காமல் வீட்டுச் சமையல் மேடைமேல் இருக்கிறது.

திரையின் இன்னொரு கட்டத்தில் இயந்திரத்தில் ஓடுகிற வேலைகளின் பட்டியல் தெரிந்தது. அவளுடைய ஓட்டத்துக்கு நேரே, பத்து நாளாக நூறு என்று நின்ற சதவீதம், இப்போது மூன்று. நூறு என்றால் மூச்சைப் பிடித்து வேலை செய்கிறது. மூன்று என்றால்? சேதி கிடைத்து, இருப்பதையெல்லாம் ஒதுங்கவைத்துக்கொண்டிருக்கிறது என்றும் சொல்லலாம். மயங்கிக் கிடக்கிறது என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் எண் மூன்றுதான். அவள் அந்த மூன்றையே பார்த்தாள். அது இரண்டு ஆயிற்று. மறுபடி மூன்று. போன் அடித்தது, தூக்கிவாரிப்போட்டது, கை தானாக விசைப்பலகைக்குப் போய்விட்டுத் திரும்பியது. ஷாகுல். இங்கிருக்கிற சர்வர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவன், கீழே பாட்டரி அறையில் எலெக்ட்ரீஷியன்களோடு நிற்கிறான். “அக்கா, நின்னுச்சா?” “இன்னும் இல்ல ஷாகுல். ஒருதடவை அழுத்திட்டேன்.” “எப்ப?” “இப்பதான்,” என்றாள், எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை. “அந்த மெஷின்ல மெமரி நிரம்பி வழியுதுக்கா, அதான் நகரமாட்டேங்குது. நான் வேணா இங்கருந்து கில் பண்ணிவிடட்டுமா?” “தொடாதே!” வெற்று மாடியில் அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. “தொடாதேப்பா. அது வரும்.” “நான் தொடலக்கா, சும்மா கேட்டேன். ஆனா நாலுன்னா நாலுதான். இவங்க எல்லாம் குடும்பத்தை பீச்சுல நிக்கவெச்சுட்டு வந்திருக்காங்க, என்னைத் திட்டறாங்க.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஒரு அண்ணன் இந்தியில வேற திட்டறாருக்கா,” என்றான். அவள் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வருவதற்குள் அவன் வைத்துவிட்டான்.

அது வரும் என்று எப்படிச் சொன்னாள்? எதை வைத்துச் சொன்னாள்? சத்தமே இல்லாமல் இருப்பதெல்லாம் முடிந்துபோனது இல்லை, இது அவள் கற்றுக்கொண்டது கம்ப்யூட்டரில் இல்லை. தம்பி கிதியோனிடம். தூத்துக்குடியில் துறைமுகக் குடியிருப்பில் இருந்தபோது அவனுக்கு வாய் திக்கும். கேலிப்படங்களில் வருவதுபோல் ஒரே எழுத்து நாலுமுறை வருகிற திக்கல் இல்லை. ஒன்றுமே வராது. வாய் திறந்திருக்கும், கண் ஓரிடத்தில் நிற்கும், சத்தம் மட்டும் வராது. அம்மா, “ஏட்டி, அவனுக்கு என்ன வேணுமாம், கேளு,” என்று எப்சிபாவிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்பா கைக்குக் கிடைத்ததையெல்லாம் அவனிடம் நீட்டி இதுவா, இதுவா என்பார். அவள் மட்டும் நிற்பாள். அவனுடைய கட்டைவிரல் தொடையை அழுத்திக்கொண்டிருக்கும். அது அழுத்துகிறவரை அவன் இன்னும் முயற்சி செய்கிறான், விரல் தளர்ந்தால் விட்டுவிட்டான். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். வரும். எப்போதும் வந்தது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் அவள் படித்த காலத்தில் அவன் பூத்திலிருந்து போன் செய்வான். வார்டன் எடுத்து, ஹலோ ஹலோ என்று கேட்டு, யாரோ வம்புக்காரன் என்று வைத்துவிடுவாள். அவன் மறுபடி காசு போட வேண்டும். எப்சிபா போய் வார்டனிடம் சொன்னாள்: “மேடம், சத்தமே வராம போன் வந்தா வைக்காதீங்க. என் தம்பி.” வார்டன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “இந்த ஹாஸ்டலுக்கு வர்ற பேசாத போனெல்லாம் உன் தம்பிதானாம்மா? அப்ப மத்த பொண்ணுங்களுக்கு யார் பண்றா?” என்றாள். கூட நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கப்புறம் வார்டன் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு மாடியைப் பார்த்து, “எப்சிபா, பேசாத போன்!” என்று கூப்பிடுவாள். ஓடிவந்து எடுத்துக் காதில் வைத்தால் காற்றுச் சத்தம், பூத்துக்கு வெளியே லாரி சத்தம். அவள் ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டு நிற்பாள். நிற்பதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அந்தப் பெருமையை இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அவன் எடுத்துக் கீழே வைத்துவிட்டான். கோபமாக இல்லை, சாப்பாட்டு மேசையில், சர்வ சாதாரணமாக. அவன் மனைவி பியூலா அவனுக்குப் பாதியில் நின்றதையெல்லாம் தானே முடித்துவிடுகிறாள். “அவங்க மார்க்கெட்டுக்குப் போகணும்னு சொல்லுதாவ,” என்று. அவன் தலையாட்டுகிறான், அடுத்ததுக்குப் போகிறான், சிரிக்கிறான். எப்சிபாவுக்குப் பொறுக்கவில்லை. “அவனே சொல்லட்டுமே பியூலா, கொஞ்சம் பொறு,” என்றாள். அப்போது கிதியோன் சொன்னான், அதை மட்டும் யாருடைய உதவியும் இல்லாமல் அவனே முழுதாகச் சொன்னான்: “நீ பார்த்துக்கிட்டே நிப்பக்கா. அதான் எனக்கு வராது.” நாற்பது வருஷத்தில் அவன் ஒரு மூச்சில் சொன்ன நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். பியூலா, “ஐயோ, அண்ணிகிட்ட இப்படியா பேசுவாவ,” என்று இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். மீன் முள்ளைப் பார்ப்பதுபோல் தட்டையே பார்த்தாள் எப்சிபா. அவன் சொன்னது நிஜமாக இருந்தால், அந்தக் கட்டைவிரல் அழுத்தியது வார்த்தைக்காக இல்லை, அவள் கண்ணைத் தள்ளுவதற்காக. நிஜமாக இருந்தால், அத்தனை வருஷமும் அவள் கொடுத்துக்கொண்டிருந்ததாக நினைத்தது அவனுக்கு ஒரு சுமை. அவள் இங்கே இப்படி உட்கார்ந்து முறைத்துப் பார்ப்பதால்தான் இதுவும் வரமாட்டேன் என்கிறதா? பைத்தியக்காரத்தனம். இயந்திரத்துக்கு ஏது கூச்சம்? இருந்தாலும் முகத்தைத் திருப்பிச் சாலையைப் பார்த்தாள். எண்ணிக்கையில்லாமல் ஜனம். பார்க்காமல் இருப்பது பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. திரும்பிவிட்டாள். மூன்று. இரண்டு. ஒன்று. ஒன்று. பூஜ்யம்.

பூஜ்யம் என்பதைப் பார்த்ததும் அவள் இடது கை எழுந்துவிட்டது. அவள் எழுப்பவில்லை, அதுவாக எழுந்தது. சுண்டுவிரல் கன்ட்ரோலில் போய் உட்கார்ந்தது. செத்துவிட்டது என்றால் இன்னொருமுறை அழுத்துவதில் நஷ்டம் இல்லை. ஒருவேளை முதல் முறை போய்ச் சேரவில்லையோ என்னவோ, அப்படியென்றால் இதுதான் முதல் முறை. ஒருவேளை விரல் சரியாகப் படவில்லை. ஆனால் தொப்பிக்குறியும் சி-யும் விழுந்திருக்கிறதே? அது திரை போட்டது. இவையெல்லாம் அவள் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற பிள்ளைகள் சொல்கிற காரணங்கள், ஒன்றுவிடாமல், அதே வரிசையில். “செத்துப்போச்சுன்னு நெனச்சேன் மேடம்.” எத்தனை பேரிடம் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, நினைத்தாயா, தெரிந்துகொண்டாயா என்று கேட்டிருக்கிறாள். அவர்களுடைய விரலும் இப்படித்தான் தானாகப் போயிருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஆள்காட்டிவிரல் சி-யின் மேல் வந்து தொட்டும் தொடாமலும் நின்றது. விசையின் மேற்பரப்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. அழுத்தினால் இந்த நிமிஷமே எல்லாம் தீர்ந்துவிடும். இந்தக் காத்திருப்பு தீரும், ஷாகுல் வீட்டுக்குப் போவான், இந்தியில் திட்டுகிறவரும் பிள்ளைகளைப் பார்க்கப் போவார். அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைகளுக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். இந்த வயதில், தலை பாதி நரைத்து, யாரும் இல்லாத ஐந்தாவது மாடியில், தன் கையைத் தானே பிடித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தாள். பார்க்க யாருமில்லை என்பதில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி நிலைக்கவில்லை.

வந்தபோது எந்தச் சத்தமும் இல்லை. ஒரு வரி விழுந்தது: நிறுத்தும்படி கேட்கப்பட்டது, இன்ன நேரத்தில் நின்றிருக்கிறேன் என்று. அதற்குக் கீழே ஒரு சின்ன அம்புக்குறி, அதற்குப் பக்கத்தில் கண் சிமிட்டுகிற ஒரு கட்டம். என்ன செய்யட்டும் என்று கேட்கிறது. எப்சிபா கைகளை விடுவித்தாள், இரண்டும் மரத்துப்போயிருந்தன, நுனிகளில் ஊசி குத்தியது. முதலில் எழுதச் சொல்லியிருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது அதைத்தான், நின்றதும் முதலில் எழுதிக்கொள், அப்புறம் பார். அவள் முதலில் பார்த்தாள். மூன்று வாரச் சண்டை அவளை விடவில்லை. கொடுக்கிறவன், வாங்குகிறவன் என்று இரண்டு பேர். சிப்புகளின் உலகத்தில் அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான்: கொடுக்கிறவன் கையை நீட்டிவிட வேண்டும், வாங்குகிறவன் தயாரா என்று பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. மெஸ்ஸில் தட்டை நீட்டுகிற மாதிரி. வாங்குகிறவன் வேண்டுமானால், நீட்டிய தட்டைக் கண்ட பிறகு தன் கையை நீட்டலாம். அவனுக்கு அந்தச் சலுகை உண்டு. கொடுக்கிறவனுக்கு இல்லை. இரண்டு பேரும் நீ நீட்டு, நீ நீட்டு என்று நின்றால் பூமி உள்ளவரை நிற்க வேண்டியதுதான். அவள் கொடுக்கிறவன் கையைக் கேட்டாள். பூஜ்யம் என்றது; நீட்டவில்லை. வாங்குகிறவன் கையைக் கேட்டாள். பூஜ்யம். அப்படியானால் தப்பு கொடுக்கிறவன்மேல். அந்த இடத்தில் கொடுக்கிறவன் யார்? சிப் வாங்குகிற பக்கம். கொடுக்கிற பக்கம் அவள் எழுதிய ஆள்.

அவன் எந்த வரியில் நிற்கிறான் என்று கேட்டாள். சொன்னது. அந்த வரியைத் திறந்தாள். வாங்குகிறவனிடம் இடம் நிரம்பி, ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி கொடுக்க வரும்போது மட்டும் போகிற ஒரு கிளை; ஒரு வாரம் ஓடினால் ஒருமுறை அங்கே கால் படும். அங்கே, எதிராளி தயாராகும்வரை காத்திரு, பிறகு நீட்டு என்று எழுதியிருந்தது. அவளே எழுதியது. எழுதிய நாளை நினைவுபடுத்திப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. அவசரம் இல்லை, தூக்கம் இல்லை, சட்டம் தெரியாமலும் இல்லை. ஒருமுறை திருப்பி அனுப்பியவனிடம் மறுபடி போகும்போது, அவன் தயாரா என்று பார்த்துவிட்டுக் கொடுப்பதுதான் மரியாதை என்று கை தானாக எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். சிப் சுத்தம். மாசிலாமணி சொன்னது சரி, அவன் அம்மா சொன்னதும் சரி. எப்சிபாவின் காது சூடாயிற்று, கழுத்து சூடாயிற்று, பிறகு இரண்டும் ஆறின. பதிவு இன்னும் இயந்திரத்தின் நினைவில்தான் இருந்தது. அம்புக்குறிக்குப் பக்கத்தில் கட்டம் சிமிட்டிக்கொண்டிருந்தது. எழுது என்று அவள் சொல்லாவிட்டால் எழுதாது. கடிகாரத்தைப் பார்த்தாள், இப்போது தயங்காமல் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நாலு மணி தானே வரும், மின்சாரம் தானே போகும், நிற்கவே இல்லை என்று சொன்னால் ஷாகுலே சாட்சி சொல்வான். செவ்வாய்க்கிழமை தள்ளிப்போகும். மறுபடி பத்து நாள். மறுபடி காலையில் எண்ணைப் பார்க்கலாம், சாயங்காலம் போன் வரும், உங்க டெஸ்ட்பெஞ்சுலதான் மேடம் என்பான், யார் சொன்னா என்பாள். அந்தப் போன் தவிர வேறு எந்தப் போனும் அவளுக்குத் தினமும் வருவதில்லை என்பதை அவள் இதற்குமுன் கணக்குப் பார்த்ததில்லை. இப்போது, இந்தச் சிமிட்டலுக்கு முன்னால், கணக்கு வந்து நின்றது. அவள் அதை ஒரு முழு மூச்சு நேரம் பார்த்தாள். பிறகு எழுது என்று கட்டளையை அடித்தாள். இன்னொரு கட்டத்தில் டிஸ்க்கில் அந்தப் பதிவு வளர்வது தெரிந்தது. வளர்ந்தது, வளர்ந்தது, நின்றது. திறந்து பார்த்தாள். கடைசித் துடிப்புவரை இருந்தது. முடித்துக்கொள் என்றாள். முடித்துக்கொண்டது.

போன் மணி நாலாவது முறை அடித்தபோது மாசிலாமணி எடுத்தான். மைக்செட் இப்போது இன்னும் பக்கத்தில் இருந்தது. “தப்பு என் பக்கம்தான்,” என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல். “என்னது? கேக்கல மேடம், இருங்க, டேய் அந்தக் கன்னுக்குட்டி வாலை விடுடா!” கொஞ்சம் தள்ளிப் போயிருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. “சொல்லுங்க.” அவள் மறுபடி சொன்னாள். எந்தக் கிளை, எந்த வரி, ஏன் நின்றது, எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒன்றும் குறைக்காமல். எப்படியும் ஆடுவான், ஆடட்டும் என்று காத்திருந்தாள். சொல்ல வேண்டியதற்கெல்லாம் பதில்கூடத் தயாராக இருந்தது. “ஓ, சரி சரி,” என்றான் மாசிலாமணி. “நல்லதாப் போச்சு. அப்ப செவ்வாய்க்கிழமை அனுப்பிடலாம். தேங்க்ஸ் மேடம், லீவு நாள்ல வந்து பார்த்ததுக்கு.” அவ்வளவுதான். “நான்தான் ஜெயிச்சேன்னு சொல்லமாட்டீங்களா?” என்று கேட்டாள். அவன் சிரித்தான். “அட, இதுல என்ன மேடம் ஜெயிக்கறது? நான் அடுத்த வாரம் வேற டீமுக்குப் போறேன், சொன்னேனில்ல? சொல்லலையா? கேமரா சிப். இங்க யாரையோ புதுசா போடுவாங்க. நல்ல பையனாத்தான் இருப்பான், ரொம்ப மிரட்டாதீங்க.” அவன் மாமனார் கூப்பிட்டார், வைத்துவிட்டான். ஷாகுல் மறுபடி கூப்பிட்டுக் கேட்டபோது, “கரண்டை எடுத்துக்கலாம்ப்பா,” என்றாள். “வந்துடுச்சாக்கா? முழுசா?” “முழுசா வந்துடுச்சு.” “சூப்பருக்கா!” என்று அவன் உண்மையான சந்தோஷத்தோடு சொன்னான். அடுத்த நிமிஷம் திரை போயிற்று. விளக்குகள் போயின. பக்கத்து அறையில் நாள் முழுக்க இரைந்துகொண்டிருந்த சர்வர்களின் விசிறிகள் மெல்ல இறங்கி, ஒவ்வொன்றாக அடங்கின. அத்தனை சத்தம் அங்கே இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

லிஃப்ட் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். நாலாவது மாடித் திருப்பத்தில் ஒரு யோசனை வந்து காலை நிறுத்தியது. சரி, அவள் ஆள் கையை நீட்டவில்லை, தப்புத்தான். ஆனால் நாளைக்கு நிஜ உலகத்திலும் ஒருவன் நீட்டாமல் நின்றால்? சிப் என்ன செய்யும்? பூமி உள்ளவரை காத்துக்கொண்டே நிற்குமா? எதிராளி யாராக இருந்தாலும், தப்பு யார்மேல் இருந்தாலும், இவ்வளவு நேரம் பார்த்தாயிற்று, இனி இல்லை என்று தானாக விலகி வருவதற்குச் சிப்புக்குள் ஒரு கணக்கு வேண்டாமா? அது மாசிலாமணி பக்கம். அது முழுக்க முழுக்க அவன் பக்கம். அவளுக்கு ரத்தம் முகத்துக்கு ஏறியது, சந்தோஷமாக. கைப்பிடிச் சுவரில் விரலால் தட்டிக்கொண்டே வாதத்தைக் கோத்தாள். இப்படித் தொடங்க வேண்டும், ‘இல்லை மேடம், சட்டப்படி வாங்குகிறவன் எவ்வளவு நேரமும் நிற்கலாம்’ என்பான், அங்கே இதைச் சொல்ல வேண்டும், உடனே அடுத்ததைச் சொல்ல வேண்டும். மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் வாதம் முழுதாகிவிட்டது. இருட்டில் நின்று அதை ஒருமுறை வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். ஓர் ஓட்டை இல்லை. இன்னொருமுறை சொன்னாள், இன்னும் மெதுவாக, அவன் குறுக்கே புகக்கூடிய இடங்களிலெல்லாம் சற்று நிறுத்தி நிறுத்தி. யாரும் புகவில்லை. மறுத்துப் பேச ஆளில்லாமல் அது சரியாகவே இருந்தது.